அப்பாவின் பெயரில் ஒரு லொகின்

அந்த நாசமாய்ப் போன சேர்வரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வடக்கில் சண்டைக் காலம்; தலைநகரில் தமிழரைச் சாவடிக்குச் சாவடி மறிப்பார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் இருந்தேன். நாங்கள் எழுதும் புரோகிராம்கள் சேர்வர் என்ற பொதுக் கம்ப்யூட்டரில் சேர்ந்து, அங்கிருந்து லண்டனுக்குப் போகும். ஒரு வார இறுதியில் லண்டன்காரர் அதைப் புதுப்பித்தார்கள். திங்கட்கிழமை எல்லாருடைய புரோகிராமும் லண்டனுக்குப் போனது, என்னுடையது மட்டும் திரும்பி வந்தது. ‘இப்படி ஒருவர் இல்லை’ என்றது திரை. பாஸ்வேர்டை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினேன். மத்தியானம்தான் பிடிபட்டது. நாங்கள் தமிழர் அப்பாவின் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைப் பின்னுக்கும் எழுதுகிறவர்கள்; கம்பனியில் அப்படி எழுதியது நான் மட்டும்தான். புதுச் சேர்வர் முன்னுக்கு இருந்ததை வைத்துக்கொண்டு பின்னுக்கு இருந்ததை வெட்டிவிட்டது. ஆக, செத்துப்போன என் அப்பா வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

மனேஜரும் யாழ்ப்பாணத்தவர்தான். தன் பெயரை எப்போதோ வெள்ளைக்காரன் மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டவர்.

“அண்ணை, சேர்வரிலதான் பிழை. திருத்தச் சொல்லுங்கோ.”

“லண்டனோட ஆர் மல்லுக்கட்டுறது? நீர் அப்பாவின்ர பேரையே போடும். அலுவல் முடிஞ்சுது.”

போட்டேன். உடனே வேலை செய்தது. அதே சேர்வரிலிருந்து புது அலுவலக அட்டையும் வந்தது. என் படம், அப்பாவின் பெயர்.

அந்தக் கிழமை முடியுமுன்பே வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் இரண்டு பெயர், அலுவலக அட்டையில் ஒன்று. அலுவலக அட்டையின் பெயரைக் காட்டி, இது யார் என்று சிங்களத்தில் கேட்டான் பொலிஸ்காரன். அப்பா என்றேன். எங்கே அவர்? செத்துவிட்டார். செத்தவனின் அட்டையோடு ஏன் திரிகிறாய்?

சேர்வர் கதையை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஜீப் பக்கத்திலேயே நின்றது. அதில் ஏற்றினால் எங்கே கொண்டுபோவார்கள் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியவராது. மனேஜரின் நம்பரைக் கொடுத்தேன். பொலிஸ்காரன் போனை ஸ்பீக்கரில் போட்டு, என் சொந்தப் பெயரைச் சொல்லி, இந்த ஆள் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று கேட்டான்.

மனேஜர் நல்ல சிங்களத்தில் சொன்னார்: அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை, சேர்.

ஜீப்பில் ஏற்றினார்கள். சாவடியில் கண்ட ஒருவர் போய்ச் சொல்லி, அம்மா லோயரைப் பிடித்து என்னை எடுக்கும்வரை ஸ்டேஷனில் கிடந்தேன். வேலைக்குத் திரும்பியதும் நேரே அவருடைய மேசைக்குப் போனேன். ஏன் அண்ணை அப்படிச் சொன்னீங்கள் என்று கேட்டேன். மனுசன் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

“நான் என்ன செய்யிறது? சிஸ்டத்தில அப்பிடி ஒரு பேர் இல்லைத்தானே.”