யோகண்ணை கண்டுபிடித்த கசிவு

யோகண்ணை காலமான செய்தி கழகத்தின் வட்சப் குழுவில்தான் எனக்கு வந்தது. செயலாளர் போட்டிருந்தார். "எமது கழகத்தின் உற்ற நண்பரும் ஆலோசகருமான" என்று தொடங்கியது. அடுத்த கால் மணித்தியாலத்துக்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. போட்டவர்களில் பாதிப்பேருக்கு அவருடைய முழுப்பெயர் தெரியாது. யோகண்ணை எவருக்கும் ஆலோசகராக இருந்ததில்லை. இளவயதில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மின்வேலை பழகி, பிறகு உடுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் கார், ஓட்டோ, உழவு இயந்திரம் என்று வந்தவற்றின் வயர் வேலை பார்த்தவர். எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு அவர் வந்தது ஒரே ஒரு நாள். அன்று நடந்ததைச் செயலாளர் ஒருபோதும் எழுதமாட்டார். நினைவு மலருக்கு ஏதாவது தரும்படி அவருடைய மகள் கேட்டதால் நான் எழுதுகிறேன்.

கழகத்தின் பழைய உறுப்பினர்கள் ரொறன்ரோவிலிருந்து ஒரு புல்வெட்டி அனுப்பியிருந்தார்கள். ஏறி இருந்து ஓட்டுகிற பெரிய வகை. அதற்கு நாடா வெட்டினோம், நாலு பேர் பேசினோம், தலைவரை அதில் இருத்தி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். அதன்பிறகு அது செல்வராசாவின் பொறுப்பு. செல்வராசா மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் மைதானத்தைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதிகம் கதைக்காத மனிதர்.

சில மாதங்களில் பற்றரி இறங்கத் தொடங்கியது. சனிக்கிழமை வெட்டிவிட்டு நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை ஸ்ராட் வராது. புதுப் பற்றரி போட்டோம். அதுவும் அப்படியே. நிர்வாகக் குழு கூடியது. நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். இரண்டு இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர்கள், ஒரு வங்கி முகாமையாளர், கணிதம் படிப்பித்த நான். மெசின் ஐம்பது யார் தூரத்தில் நின்றது. ஒருவரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

"உவன் மெசினிலை திறப்பைப் போட்டபடி விட்டிட்டுப் போறான்" என்றார் செயலாளர்.

"பற்றரியைக் கழட்டி வீட்டை கொண்டுபோய் லைற் எரிக்கிறானோ தெரியாது" என்றார் ஒரு அதிபர்.

செல்வராசாவைக் கூப்பிட்டோம். "நான் திறப்பைக் கழட்டி அலுமாரிக்குள்ளைதான் ஐயா வைக்கிறனான்" என்றார். வங்கி முகாமையாளர் தேத்தண்ணி இன்னும் வரவில்லையா என்று கேட்டார். கவனயீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கும் கடிதம் அப்போதே தயாராக இருந்தது. எல்லோருடைய கையெழுத்துக்கும் கீழே நானும் ஒன்று வைத்தேன்.

செல்வராசா அந்தக் கடிதத்தோடு நேரே யோகண்ணையிடம் போயிருக்கிறார். "என்னிலைதான் பிழையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்று மட்டும் கேட்டாராம். அடுத்த ஞாயிறு காலை, புது ஆளைத் தெரிவு செய்ய நாங்கள் கூடியிருந்தபோது, யோகண்ணை மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினார். வணக்கம் சொல்லவில்லை. என்னை மட்டும் தெரியும் என்பதால் என்னைத்தான் கேட்டார்.

"மாஸ்ரர், மீற்றர் வைச்சு ஒருக்கா அளந்து பாத்தனீங்களோ?"

"இல்லை யோகண்ணை."

"கடிதம் மட்டும் அடிச்சனீங்களாக்கும்."

சார்ஜ் நிறைந்த பற்றரி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை மாட்டி, திறப்பைக் கழற்றித் தலைவரின் கையில் கொடுத்தார். பிறகு நெகற்றிவ் வயரை விடுவித்து, வயருக்கும் பற்றரிக்கும் இடையில் மீற்றரைத் தொடுத்தார். எல்லாம் நிறுத்தியிருக்கும்போது முள் அசையக்கூடாது. அசைந்தது. கால் அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பியூசைக் கழற்றினார், முள் இறங்கவில்லை. சார்ஜ் ஏற்றும் வயரைக் கழற்றினார், அப்போதும் இறங்கவில்லை. "அப்ப இது மெசினிலை இல்லை. ஆரோ பற்றரியிலை நேரை கொழுவியிருக்கினம்" என்றார். சீற்றைத் தூக்கி, கறுப்பு ரேப் சுற்றிய மெல்லிய வயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே தடவிக்கொண்டு போனார். அது பின்சில்லு மட்காட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. அதைக் கழற்றியதும் முள் பூச்சியத்துக்கு வந்தது.

மெசின் எங்கே போகிறது என்று தொலைபேசியில் காட்டுகிற கருவி அது. செல்வராசா மெசினை வெளியில் கொண்டுபோய்ப் பிறருக்குப் புல் வெட்டுகிறாரா என்று பார்க்க, செயலாளர் ஒருவருக்கும் சொல்லாமல் பொருத்திப் பூட்டியது. இரண்டு கிழமை பார்த்துவிட்டு அதை மறந்தும் போனார். மழைத்தண்ணி உள்ளே போய், அது இரவு பகலாகப் பற்றரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பாதுகாப்புக்காகத்தான் பூட்டினது" என்றார் செயலாளர்.

யோகண்ணை பெட்டியை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார். "அந்தாளைக் களவெடுக்கிறவன் எண்டு நினைச்சுப் பூட்டினீங்கள். பூட்டினதாலை வந்த பழுதுக்கும் அந்தாளைத்தான் கலைச்சீங்கள். இவ்வளவு படிச்ச ஆக்கள் இருந்து செய்த வேலை இது."

தலைவர் தொண்டையைச் செருமி, கடிதத்தைக் கிடப்பில் போடலாம் என்றார். கிழித்துப்போட்டு மன்னிப்புக் கேட்பதற்கு எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. யோகண்ணையோடு வந்திருந்த செல்வராசா மதிலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "வேண்டாம் ஐயா. நாளைக்கு வேறை ஏதும் பழுதாகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது மயிலிட்டித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துமிடத்தில் வேலை செய்கிறார்.

ஒரு கிழமை கழித்து யோகண்ணையின் கொட்டிலுக்குப் போய், நான் செய்தது பிழை என்றேன். அவர் வேலையிலிருந்து தலை நிமிரவில்லை. "என்னட்டைச் சொல்லி என்ன மாஸ்ரர்? மயிலிட்டிக்கு பஸ் ஓடுதுதானே." போனேன். செல்வராசா எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கடிதத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஓம் மாஸ்ரர்" என்றார்.

செத்தவீட்டில் எங்கள் நிர்வாகக் குழு பந்தலின் நிழலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றது. செயலாளர் இரங்கலுரையை வாசித்தார். 'பணிவின் சிகரம்' என்று ஓரிடத்தில் வந்தது. பிரேதத்தைத் தூக்கியபோது முன்பக்கத்தில் தோள் கொடுத்தவர் செல்வராசா.

யோகண்ணையின் அன்பைப் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, அந்த ஞாயிறு காலை மேசையைச் சுற்றியிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, என்னிலும் அதே அளவு நேரம் நின்று கடந்த அவருடைய பார்வை. எனக்கென்று சலுகை எதுவும் அதில் இருக்கவில்லை. அதைத்தான் வைத்திருக்கிறேன்.