தலைவருக்குக் குளிராத ஏசி

எங்கள் அடுக்ககத்தில் மின்சாரக் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். வாங்கி ஏழு மாதமாகியும், பார்க்கிங்கில் சார்ஜர் மாட்டிக்கொள்ளச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. "கரண்டு காரெல்லாம் விளையாட்டுச் சாமான் சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆவடியில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் தேவுடு காப்பதே என் விடுமுறையாகிவிட்டது.

சித்திரைக் கடைசியில் அவரே வந்து கேட்டார். திருமழிசையில் ஒரு காதுகுத்து, தன் கார் சர்வீஸில் இருக்கிறது, கொண்டுபோய் விட முடியுமா என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தடவை ஏறி உட்கார்ந்தால் மனிதர் மயங்கிவிடுவார் என்று நினைத்தேன். மயங்கத்தான் பார்த்தார், வெக்கையில்.

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறியதும் ஏசியைப் போட்டேன். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் காற்று வந்தது. முன்னால் பட்டு வேட்டியில் தலைவர். பின்னால் அவர் மனைவி, மடியில் சீர்த்தட்டு.

"ஏசி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் சார். இது மெதுவாத்தான் குளிரும். இயற்கையா."

இயற்கையாகக் குளிர்வது என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. நான் கணினித் துறைக்காரன். எந்தக் கோளாறுக்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. உள்ளே ஆள் இருந்தால் இந்தக் கார் முழுசாக அணையாது என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே எல்லோரையும் இறக்கி, கதவைப் பூட்டி, கொளுத்தும் வெயிலில் மூவரும் சீர்த்தட்டோடு சாலையோரம் நின்றோம். காருக்குப் பெண் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். திரும்ப ஏறினோம். அதே இட்லிப் பானை.

கார் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள். வெயில் நேரத்தில் ஏசி முதலில் பேட்டரியைத்தான் குளிர்விக்கும், மிச்சம்தான் பயணிகளுக்கு என்றாள்.

தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அப்ப நாங்க ரெண்டாம் பந்தியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை, பேட்டரி மேல்.

திருமழிசை தொழிற்பேட்டை வாசலில் ஒரு கார் ஏசிக் கடை இருந்தது. நிறுத்தினேன். மெக்கானிக் காரைச் சுற்றிவந்தார்.

"கேஸ் போயிருக்குமோ?" என்றார் தலைவர்.

மெக்கானிக் மீட்டரை மாட்டிப் பார்த்தார். "கேஸ் கீது சார். கம்ப்ரசரும் ஓடிக்கினுதான் கீது. முன்னாடி காத்து போற வழில இன்னாவோ அடைச்சிகினு கீது." பானட்டுக்குள் கையை விட்டார். "இன்னாவோ ஷீட்டு. இழுக்கட்டா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். புதுக் காருக்குள் தண்ணீர் போய் ஷாக் அடிக்குமோ என்று பயந்து, கேட்டில் சும்மா தொங்கிய ஒரு ஃபிளெக்ஸ் பேனரை அவிழ்த்தேன். நடுவில் வெட்டி, காரின் முன்பக்கம் மேலும் கீழும் இருந்த காற்றுத் திறப்புகளில் திணித்தேன். மழை விட்டதும் மறந்துவிட்டேன். சார்ஜை மிச்சம் பிடிக்க ஜன்னலைத் திறந்தே ஓட்டியதால் ஏசியின் நினைப்பே வரவில்லை. அது தலைவரின் அறுபதாம் கல்யாணப் பேனர்.

"வேணாம், இழுக்காதீங்க" என்றேன்.

மெக்கானிக் இழுத்துவிட்டார். முதலில் கூப்பிய கைகள் வந்தன. பிறகு மாலை. பிறகு மீசை. கடைசியில் முழுத் தலைவர், அனைவரையும் வருக வருக என்று அழைத்தபடி.

மெக்கானிக் பேனரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "நீங்களா சார் உள்ள இருந்தது?"

தலைவர் வெகுநேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதக் காணோம்னு குப்பை அள்ற ஆளுங்களோட சண்டை போட்டேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.  சார்ஜர் போயிற்று, இனி காரை விற்பதா வீட்டை மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி இறங்கிவந்தார். பேனரின் வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் எங்க?"

 மெக்கானிக் காருக்கு அடியில் படுத்தார். "யம்மா, நீங்க கீழ கீறீங்க!"

சேறு அப்பிய அம்மாவும் வெளியே வந்தார். வந்த கையோடு காற்று சில்லென்று வீச ஆரம்பித்தது.

"அங்கயும் இவரு மேல, நான் கீழயா?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கத் துணியவில்லை. பேனரின் இரண்டு பாதிகளையும் மடித்துச் சீர்த்தட்டுக்கு அடியில் வைத்தார். தட்டைத் தலைவர் கையில் கொடுத்து, அவரைப் பின் இருக்கைக்கு அனுப்பினார். தான் முன்னால் ஏறி, ஏசிக் காற்றைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார். "இவருக்கு அந்தக் கையெழுத்தப் போட்டுக் குடுங்க" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் கையெழுத்து வந்தது, ஒரு நிபந்தனையோடு. இப்போது என் சார்ஜருக்கு மேல் அந்தப் பேனர் தொங்குகிறது. ஒயரைச் சொருகக் குனியும்போதெல்லாம் தலைவரும் அவர் மனைவியும் என்னைக் கைகூப்பி வரவேற்கிறார்கள். நடுவில் டேப் போட்டு ஒட்டியது நான்தான். ஒட்டும்போது அந்த அம்மா பக்கத்திலேயே நின்று, தன் பாதி ஒரு விரற்கடை உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். தலைவர் தினமும் காலையில் அதைக் கடந்துதான் நடைப்பயிற்சிக்குப் போகிறார். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் எக்கி நடக்கிறார்.