சாய்மனைக் கதிரைக் கிழவனின் குரல்

படங்களில் வரும் சிடுமூஞ்சிகளை எனக்கு நன்றாகப் பிடிக்கும். கதாநாயகனைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, பாட்டுக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் போனது, படலையைத் திறக்கிற எல்லாரையும் முறைத்துப் பார்க்கிற கிழவனுக்காக. மருமகள் கொண்டுவந்த கோப்பியை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைக்கிற மாமிக்காக. கடிதத்தைக் கொடுக்கும்போதே ஏசிக்கொண்டு கொடுக்கிற தபாற்காரனுக்காக. இவர்கள் எவரிடமும் நல்ல பெயர் எடுக்க நினைப்பதில்லை. யாராவது ஒன்றைக் கேட்டால் உடனே முடியாது என்கிறார்கள். சொல்லிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல வெற்றிலை போடுகிறார்கள். அது எப்படி ஒரு மனிதனால் முடிகிறது என்று நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது நான் உருத்திரபுரத்தில் பெரியையாவின் காணியில் இருந்தேன். பெரியையா என் தகப்பனாரின் தமையன். குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் அவருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. அதை விட்டு வர மனமில்லை. காணி எடுத்தவர்கள் காணியிலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காணிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். வீடு பூட்டிக் கிடந்து, அடுப்புச் சாம்பலும் குளிர்ந்திருந்தால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு காணி வேறொருவருக்குப் போகும். இதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். கலியாணம் ஆகாத ஒருவனை, சகோதரி மகனான மருமகனையோ சகோதரன் மகனான பெறாமகனையோ, கொண்டுவந்து இருத்திவிடுவார்கள். எங்கள் வாய்க்கால் நெடுக அப்படி இருத்தப்பட்டவர்கள் என்னைப்போலப் பலர் இருந்தார்கள்.

என் தகப்பனார் இறந்தபின் என்னைப் பார்த்தவர் பெரியையாதான். எட்டாம் வகுப்புவரை படிப்பித்தார். பிறகு தோட்டத்தில் இறைப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள விட்டார். ஒரு போகம் மட்டும் போய் இரு என்று அவர் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். அவருக்கு முன்னால் என் தலை ஒரு பக்கமாகத்தான் ஆடும். அந்தப் போகம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் வந்து, அடுத்த போகத்துக்கு வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூத்த மகளுக்கு அந்தக் காணியைத்தான் சீதனமாக எழுத இருந்தார். அது எனக்கும் தெரியும். அக்காவின் கலியாணம் என் அடுப்புப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. வரம்பு பார்க்கப் போனாலும் கூரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கந்தோர் ஆட்கள் வரமாட்டார்கள். அன்றைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் பகல் படம் பார்க்கப் போவேன். தகரக் கூரை போட்ட கொட்டகை. ஒரே இயந்திரம். ரீல் மாற்றுகிற நேரத்தில் விளக்கைப் போடுவார்கள். கலரியில் இருந்தவர்கள் விசிலடிப்பார்கள். நான் கடைசி ரீலுக்கு முன் எழும்பி வந்துவிடுவேன். பொழுதுபட முன் வராவிட்டால் வழியில் யானை நிற்கும் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். யானை நின்றது உண்மைதான். ஆனால் கடைசி ரீலில் சிடுமூஞ்சிகள் திருந்திவிடுவார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுவார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

பக்கத்துக் காணியில் ஓர் அக்கா இருந்தா. சொந்தக்காரி அல்ல. சிறு பிள்ளைகள் இருந்ததால் அவா படம் பார்க்கப் போவதில்லை. நான் வந்ததும் வேலியடிக்கு வந்து கதை கேட்பா. எனக்கு மனிதரோடு முகம் பார்த்துக் கதைக்க வராது. இரண்டு சொல்லோடு நின்றுவிடும். ஆனால் படத்தில் வந்த கிழவன் சொன்னதைச் சொல்லும்போது நிற்கவில்லை. ஒரு படத்தில் கால் வருத்தக்காரக் கிழவன் ஒருவன் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமல் வீட்டையே ஆட்டிவைத்தான். அவன் இந்தியத் தமிழில் சொன்னதை நான் எங்கள் தமிழில், நாடியை உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன்.

“ஏலாது. போய் உம்மட அலுவலைப் பாரும்.”

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. உன்ர படம் ஒண்டுக்கும் முடிவு இல்லை தம்பி, எண்டாலும் கிழவன் நல்லாயிருக்கு என்பா. அவாவின் புருசன் போய் மற்றவர்களுக்குச் சொன்னார். பிறகு நெற்கதிர்ச் சூடு மிதிக்கிற களத்தில் சாப்பாட்டுக்கு இருக்கும்போதெல்லாம் கிழவனைக் கேட்டார்கள். கிழவன் கதைத்தால் நான் கதைக்கத் தேவையில்லை. அதனால் செய்து காட்டினேன்.

அறுவடை நாட்களில் வவுனியாவிலிருந்து ஒரு முஸ்லிம் முதலாளி நெல் வாங்க லொறியோடு வருவார். அங்கே அவருக்கு ஆலை இருந்தது. ஒருமுறை லொறி எங்கள் படலையடியில் நின்றுவிட்டது. எண்ணெய்க் குழாயில் மண் அடைத்திருந்தது. இறைப்பு இயந்திரத்தில் அதே தொல்லையைப் பலமுறை பார்த்திருந்ததால் கழற்றி ஊதிப் பூட்டினேன். அவர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, என்ர ஆலையில என்ஜின் பாக்க ஆள் இல்லை. தங்க இடமும் இருக்கு” என்றார். “அடுத்த முறை நெல் ஏத்த வரைக்குள்ள சாமானைக் கட்டி வையுங்க. லொறியிலயே கூட்டிக்கொண்டு போறன். அதுக்குப் பிறகு நான் வேற ஆள் பாக்கோணும்.”

அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. பகல் முழுவதும் ஓடுகிற ஒரு பெரிய என்ஜின். சம்பளத்துக்கு நிற்கிற நாலு மனிதர். ஞாயிறு மட்டுமல்ல, எந்த நாளும் படலையைத் தாண்டிப் போகலாம். கூரையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரியையா காணிக்கு வேறொருவரை அனுப்ப வேண்டும் என்று, லொறி வருமுன் அவருக்குச் சொல்ல வேண்டும்.

பெரியையா நெல் பங்குக்கு வந்தார். மூன்று நாள் நின்றார். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தேன். ‘ஓம் பெரியையா’ என்பதுதான் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் களத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடிந்து இருந்தபோது அக்காவின் புருசன் கிழவனைக் கேட்டார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். பெரியையாவுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தியதும், நீ நடிப்பியோ, எங்க காட்டு பாப்பம் என்றார். அது கேள்வி அல்ல. செய்தேன். பெரியையா சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இன்னொருக்கால் செய் என்றார். அதையும் செய்தேன்.

மறுநாள் விடிய அவர் பஸ்சுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். இனி நேரமில்லை. நான் அடுப்பெரிகிற குசினி வாசலில் நின்றேன். என் சொந்தக் குரலைத் தேடிப் பார்த்தேன், அது வரவில்லை. அசையாமல் நிற்கிற குரல் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. நாடி தானாகவே உயர்ந்தது.

“பெரியையா, நான் இனி இஞ்ச இருக்கமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ. எனக்கு ஏலாது.”

அவர் பையை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“எட, விடியவே துவங்கீட்டியே!” என்றவர் வேலிப்பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டார். “பிள்ளை, இஞ்ச வந்து பார். கிழவன் என்னையே கலைக்கிறான்.”

அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி வந்தா. என் முகத்தைப் பார்த்தா. சிரிக்கவில்லை.

“ஐயா, தம்பி உண்மையாத்தான் சொல்லுது போல கிடக்கு” என்றா.

“உன்னையும் பேய்க்காட்டிப்போட்டான் பாத்தியே” என்றார் பெரியையா. “அவ்வளவு திறமா நடிக்கிறான்.”

அக்கா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு சொல் நானும் சொல்லியிருந்தால் அவா மிச்சத்தைச் சொல்லியிருப்பா என்று நினைக்கிறேன். நான் நிலத்தைப் பார்த்தேன். பெரியையா பையைக் கட்டி முடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொள் என்றார். ஓம் பெரியையா என்றேன். பஸ் நிற்கும் இடம்வரை பையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். வழியெல்லாம் அவர் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு வந்தார். ஊருக்குப் போய் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர் என்னிடம் கிழவனைக் கேட்டார்கள்.

அடுத்த கிழமை லொறி வந்தது. முதலாளி முன்பக்கத்திலிருந்து இறங்கி, என்ன தம்பி, சாமான் எங்க என்று கேட்டார். நான் உடுப்புகளைக் கட்டித்தான் வைத்திருந்தேன். அது கதவுக்குப் பின்னால் இருந்தது. குசினிக் கூரையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஏறிப் போனால் மத்தியானத்துக்குள் அது நின்றுவிடும். ஓர் அதிகாரி வரலாம், வராமலும் விடலாம். வந்தால், பெரியையாவின் மகளுக்கு எழுத இருந்த காணி போகும். அதைப் போகவிட்டவன் நான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லுவார்கள். பெரியையா கேட்டால், நான் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று சொல்லலாம். சொன்னேன்தான். யார் நம்புவார்கள்?

முதலாளி காத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு வர ஏலாது” என்றேன்.

நாடி உயரவில்லை. கண் சுருங்கவில்லை. எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரல். ஆனால் என்னுடைய குரல். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை.

“சரி தம்பி. நீங்க சொன்னாச் சரிதான்” என்றார்.

பிறகு லொறியின் பின்பலகையை இறக்கினார். நான் போய் முதல் மூட்டையைத் தூக்கினேன்.