இன்டர்வியூ நாற்காலி

அக்காவுக்கு முட்டை, எனக்கு வெறும் ரசம். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். சிறுசேரியில் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். எழுத்துத் தேர்வில் பாஸ். இங்கிலீஷ் பேசுவதில்தான் இடித்தது.

விளக்கு வைத்ததும் டிவியை அணைத்துவிடுவார்கள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா அதிகாரி மாதிரி உட்காருவாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மனப்பாடம் செய்த ஒரே கேள்விதான்: "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்." அக்கா எதிரில் நின்று ஆரம்பிப்பாள்: "மை ஃபாதர் விச் ரன் எ ஹார்டுவேர் ஷாப்..." அம்மா சொக்கிப்போய்த் தலையாட்டுவாள். என் ரைம்ஸுக்கு அவள் ஒரு நாளாவது அப்படித் தலையாட்டியிருப்பாளா? எனக்கு வயிறு எரிந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போகிறவள். அக்கா படிக்கிற காலத்தில் எங்களுக்குக் கடையே கிடையாது. கீழ்க்கட்டளையில் தமிழ் மீடியத்துக்கு நடந்தே போனவள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கத்தினேன்.

"ஐயே, அப்பாவைப் போய் 'விச்'சுன்றா! அப்பா இன்னா பைப்பா? 'ஹூ'ன்னு சொல்லணும். அப்பா ஒருத்தர்தானே, 'ரன்ஸ்'னு வரணும்."

அம்மா முறைத்தாள். அக்காவோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே சொல்லிக் குடுடி."

"அப்ப நாற்காலி எனக்கு."

அம்மா எழுந்து தரையில் உட்கார்ந்தாள். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தப்பு வந்த இடத்திலெல்லாம் நிறுத்தினேன். அக்கா முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதுவும் எனக்குக் கடுப்பாக இருந்தது. ஒரு சொட்டாவது அழக்கூடாதா? கடைசியில் அதிகாரித் தோரணையில் தமிழிலேயே கேட்டேன்.

"உங்க தங்கச்சி எவ்ளோ நல்லா பேசுது! ஒரே வூடுதானே, நீங்க மட்டும் ஏன் இப்படி?"

திண்ணையோரம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா குனிந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் சரியா படிக்கல மேடம்."

அன்று அடம்பிடித்து நானும் ஒரு முட்டை வாங்கித் தின்றேன்.

வேலை கிடைத்தது. என் டியூஷனால்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மார்க் எடுத்தவள் அப்படி ஏன் சொன்னாள், யாருக்காகச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.