ஜோலார்பேட்டையில் கூடாரப் பண்டிகை

பெங்களூரில் பிளேக் நோய் மீண்டும் தலைகாட்டிய புரட்டாசி மாதத்தில், நானும் என் மனைவி ரிபேக்காளும் தண்டு என்னும் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டோம். நாங்கள் யூத குலத்தினர். வணிகத்தின் பொருட்டு என் பாட்டனார் கொச்சியை விட்டு வந்தபின், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அவ்வூரைக் கண்டதில்லை.

பாலைவனத்தில் குடிசைகளில் தங்கிய முன்னோரின் நினைவாக, தழை வேய்ந்த கூடாரத்தில் ஏழு நாள் உண்டு உறங்குவது எங்கள் கூடாரப் பண்டிகை. கொச்சியில் வாழும், பாட்டனாருடைய தம்பியின் பேரனான என் அண்ணன் எலியாஸ், முந்தைய ஆண்டு பெங்களூரில் ஒரு திருமணப் பந்தியில், "பெங்களூர்க்காரர்களுக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று" என்று பலர் காதுபடச் சொன்னார். பட்டம் பெற்று, கல்லூரியில் கணிதம் போதித்து ஓய்வுபெற்ற ஒருவனிடம் சொல்லத்தக்க வார்த்தையன்று அது. பாட்டனார் தொழுத ஜெபாலய முற்றத்தில், அண்ணனின் கண்ணெதிரிலேயே அவ்வருடப் பண்டிகையை ஒரு விதியும் வழுவாமல் கொண்டாடுவதென்று தீர்மானித்தேன்.

சுமார் தொண்ணூறு மைல் கடந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு ஜோலார்பேட்டை சேர்ந்தோம். நடைமேடையிலேயே டாக்டர் ஒருவர் எல்லோருடைய நாடியையும் அக்குளையும் சோதித்தார். எங்களைப்போல் நோய் கண்ட தெருவிலிருந்து வருகிறவர்கள் பத்து நாள் முகாமில் தங்கியே ஆகவேண்டும் என்றார். என் பட்டத்தையும் பதவியையும் எடுத்துரைத்தேன்.

"எல்லாம் சரிங்க ஐயா. பிளேக் பரீட்சை மட்டும் நீங்க இன்னும் பாஸ் பண்லையே" என்றார் அவர், சிரிக்காமல்.

முகாம், ஏலகிரி மலையைப் பார்த்தபடி வரிசையாக நின்ற ஓலைக் குடிசைகள். மறுநாள் மாலை பண்டிகை ஆரம்பம்; கொச்சியோ கைநழுவிவிட்டது. நான் உண்ணாமல் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தேன். ரிபேக்காள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலைக்கு மேல பாருங்க. ஓலைதானே? இதுக்கா கொச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்தோம்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் விதிப்படி கூரை மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், இருந்தது. அதன் ஊடே நட்சத்திரம் தெரிய வேண்டும், அதுதான் குறை. மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்று, பண்டிகைக்கென்றே ஓலைகளைப் பிரித்து, இடைவெளிவிட்டு மீண்டும் பரப்பினேன். கல்லூரி நாட்களில்கூட நான் ஏணி ஏறியவனல்லன்.

மாலை மூன்று மணிக்கு, டாக்டரின் தினசரிச் சோதனைக்கு இருவரும் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவந்தால், எங்கள் கூரை முழுவதும் பதப்படுத்திய ஆட்டுத்தோல்கள். ஏணியின் உச்சியில் அடுத்த குடிசைக்காரர் காதர் சாயபு, ஆம்பூர் தோல் வியாபாரி. விலைபேசுவதற்காகப் பெங்களூருக்குக் கொண்டுபோன மாதிரித் தோல்களையெல்லாம் எங்களுக்காக விரித்திருந்தார்.

"கூரை பூரா ஓட்டை ஐயா. அம்மா நனைஞ்சுடுவாங்களேன்னு மூடிட்டேன்."

"உடனே எடுங்கள்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பிராணியின் தோல் வேய்ந்த கூடாரம் எங்கள் சட்டப்படி செல்லாது. பொழுது சாய்வதற்குள் அவை இறங்கியாக வேண்டும்.

சாயபுவின் முகம் சிறுத்தது. "இன்னா ஐயா, தோல்னா தீட்டா? போடுற செருப்புக்கு மட்டும் பரவால்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே சென்று, காலைத் தொழுகையில் நெற்றியிலும் கையிலும் நான் கட்டும் தோல்வார்களை எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்தேன். அந்நியர் எவருக்கும் நான் அவற்றைக் காட்டியதில்லை. "எங்கள் வேதத்தையே தோலில்தான் எழுதுகிறோம், சாயபு. இந்தப் பண்டிகைக் கூரைக்கு மட்டும் ஆகாது."

அவர் வாரை விரலிடையே நெருடினார், முகர்ந்தும் பார்த்தார். "அசல் சரக்கு. இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வீணா பேஜார் ஆயிட்டேன்" என்று மறுபடி ஏணி ஏறினார். கடைசித் தோல் இறங்கியபோது மழையும் நின்றிருந்தது.

பொழுது சாய்ந்தது. ரிபேக்காள் விளக்கேற்றி, ஊறவைத்துப் பிழிந்த உலர்திராட்சை ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினாள். சாயபுவை விருந்துக்கு அழைத்தேன். கை நிறையப் பேரீச்சம்பழத்துடன் வந்தார். ஒவ்வோர் இரவும் முன்னோர் ஒருவரை, முதல் இரவு ஆபிரகாமை, விருந்தாளியாக நினைத்துக் கூடாரத்துக்குள் வரவேற்பது எங்கள் வழக்கமென்று விளக்கினேன்.

"யாரு, இப்ராஹிம் நபியா? அவரு நம்ம வூட்டு ஆளாச்சே. அப்போ நான் விருந்தாளியே இல்ல, தள்ளி உக்காருங்க" என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். ஓலை இடுக்கில் நட்சத்திரங்கள் ஈரமாக மின்னின. அடுத்த இரவு ஈசாக்கு, அதற்கடுத்து யாக்கோபு. யார் வந்தாலும் சாயபுவும் உடன் வந்தார்.

பண்டிகை முடிந்தபின்னரே விடுதலை கிடைத்தது. சாயபு ஆம்பூர் வண்டி ஏறினார். நாங்கள் கொச்சி சேர்ந்தோம். ஜெபாலய வாசலிலேயே அண்ணன் எலியாஸ் என்னை விசாரணைக்கு நிறுத்தினார்.

"கூரை?"

"ஓலை. நானே வேய்ந்தேன்."

"நட்சத்திரம்?"

"எல்லா இரவும்."

"விருந்தாளி?"

"ஆம்பூரிலிருந்து ஒருவர். ஒரு நாளும் தவறவில்லை."

அண்ணனுக்குப் பின்னால் நின்ற அண்ணியார் வாய் திறந்தார். "நீங்களாவது செய்தீர்களே தம்பி. இங்கே ஏழு இரவும் மழை. உங்கள் அண்ணன் கூடாரத்தில் கால்கூட வைக்கவில்லை, வீட்டுக்குள்ளேதான் சாப்பாடு."

மழையில் கூடாரத்தை விட்டு உள்ளே போவது சட்டப்படி குற்றமன்று என்று, பலர் காதுபட, நானே அண்ணனுக்கு எடுத்துரைத்தேன். மிகுந்த பணிவுடன்தான் உரைத்தேன். ரிபேக்காள் மட்டும் ஏனோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.