குலுங்கினால் மேலே வருவது

1986இல் சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திய ஞானதீபம் டீச்சர். மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்ட கட்டை மடியில் அணைத்தபடி மதுரை பஸ்ஸில் போவார். அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள் அவருக்கு ஒரு கற்பனைப் பெட்டி இருந்தது. அதில் அறுபது சிறிய உருண்டைகள், ஒரே ஒரு பெரிய உருண்டை. பெட்டியைக் குலுக்கினால் எது எங்கே போகும் என்று கணக்கிட வேண்டும். அதுதான் அவருடைய எம்.ஃபில். ஆராய்ச்சி.

பெரிய உருண்டை ஒவ்வொரு முறையும் மேலே வந்து நின்றது. கனமானது கீழே அல்லவா போக வேண்டும்? எங்கோ பிழை விட்டுவிட்டோம் என்று டீச்சர் முடிவு கட்டினார். மூன்று மாதம் வரி வரியாகத் தேடினார். பிழை அகப்படவில்லை, சோறும் இறங்கவில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், நாலு வருட உழைப்பு வீண். கடைசி முறை போனபோது, பெரிய உருண்டையைக் கீழே இழுக்கும்படி ஒரு வரியைத் தானே இட்டுக்கட்டிச் சேர்த்தார். அது சமர்த்தாகக் கீழே போனது. கம்ப்யூட்டர் முன்பு விடை அச்சடித்துத் தந்த தாள்களில் சிவப்பு மையால் 'தப்பு' என்று எழுதி, பொட்டலம் மடிக்கக் கடலைக்காரி பேச்சியிடம் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை கடலை வாங்கப் போனவர், அவிழ்த்திருந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். மேலே பருத்த கடலை, அடியில் எல்லாம் பொடிசு.

"ஏன் பேச்சி, பெருச மேல அடுக்கி ஏமாத்துதியா?"

பேச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எதுக்கு அடுக்குதேன் டீச்சர்? மேலநீலிதநல்லூர்ல இருந்து மாட்டுவண்டில வந்த மூட்டை. குலுங்கக் குலுங்கப் பொடிசு அடியில எறங்கிரும், பெருசு மேல வந்துரும். எந்த மூட்டையில வேணாலும் கைய விட்டுப் பாருங்க."

டீச்சர் அடுத்த மூட்டையிலும் கையை விட்டார்; அங்கேயும், கம்ப்யூட்டர் சொன்னதுபோலவே, பெருசு மேலே இருந்தது.

"நான் குடுத்த தாளு எங்கன பேச்சி?"

"பாதி பொட்டலமாப் போயிட்டு. மிச்சம் இங்கனதான் கெடக்கு."

கடைவாசலில், வெறுந்தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார். முதல் இரண்டு மாதத் தாள்களைக் காணோம். மூன்றாம் மாதக் கட்டு முழுசாக இருந்தது. அதன் தலைப்பில் அவர் கையெழுத்தில் 'தப்பு'. பேனாவை எடுத்து அதை அடித்தார்.

"ஏமாத்துதியான்னு கேட்டுட்டியளே டீச்சர்," என்றாள் பேச்சி, இன்னும் ஆறாமல்.

"உன்னையக் கேட்டிருக்கக் கூடாது பேச்சி. ஏமாத்துனது நான்."