ஈயின் முதுகில் இரண்டு குழிகளைக் கண்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, முதல் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது துறை அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. கஸ்தூரியின் மகள். "மேடம், அம்மா பூட்ச்சு" என்றாள். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கஸ்தூரி, இராயபுரத்திலுள்ள எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வக உதவியாளர். வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். பதிவேட்டின்படி அவருடைய வேலை சீசா கழுவுவது. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வந்து சேர்ந்தபோது, நான் பாடம் நடத்திக்கொண்டே பழ ஈக்களில் முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். வரிசை வரிசையாகச் சீசாக்களில் ஈக்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "வூட்ல ஈ ஓட்டவே கை பத்தல. நீங்க சோறு போட்டு வளக்குறீங்களா?"

அந்தக் கோடையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வெப்பம் ஏறினால் ஈக்கள் செத்துவிடும்; மூன்று ஆண்டு உழைப்பும் அவற்றோடு போகும். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி என்னைக் காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தினி கூடை மீனு?" என்றார் அங்கிருந்தவர்.

"மீனு இல்ல நைனா, ஈ."

"ஈக்கு ஐஸா? காலங்காத்தால கலாய்க்கிறியா?"

"இந்த மேடம் டாக்டருக்குப் படிக்குது. ஈ செத்தா படிப்பு பூடும். சட்டுனு ஒடச்சுக் குடு."

மீன் நாற்றமடித்த தெர்மாகோல் பெட்டிகளில் என் ஈக்கள் பிழைத்தன.

ஓய்வு நேரத்தில் அவருக்கு நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். ஈயின் முதுகிலுள்ள ஒவ்வொரு முடியும் ஓர் உணர்வு உறுப்பு. ஒரே தாய்ச் செல்லிலிருந்து அது உருவாகிறது. அந்தச் செல் இரண்டாகப் பிரியும்போது, பிறக்கும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று மறுபடி பிரிந்து முடியையும் அது நிற்கும் குழியையும் தரும். மற்றது நரம்புச் செல்லையும் அதன் உறையையும் தரும். இந்தப் பங்கீடு பிசகினால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆய்வு.

என்னிடம் முதுகு வழுக்கையான ஈக்கள் ஒரு வகை இருந்தன. அவற்றில் அந்த உறுப்பே உருவாகவில்லை என்று நான் முடிவுகட்டி, ஓர் அத்தியாயமும் எழுதிவிட்டேன். ஒருநாள் நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்காமலே கஸ்தூரி சொன்னார்: "மேடம், முடிதான் இல்ல. குழி கீது. ஒண்ணு இல்ல, ஒட்டிகினு ரெண்டு கீது."

"தூசியாயிருக்கும். போய் வேலையைப் பாருங்க" என்றேன். எனக்குக் கோபம். ஒரு வாரம் அந்தச் சீசாவை நான் தொடவே இல்லை. பிறகு மனம் கேட்காமல் பார்த்தேன். எல்லா ஈயிலும், முடி இருக்கவேண்டிய இடத்தில் இரட்டைக் குழிகள்.

"பங்கு சரியா பிரியல மேடம்" என்றார் கஸ்தூரி. "முடி எனக்கு வேணாம்னு ரெண்டு பேரும் குழியே எடுத்துகினாங்க."

உறுப்பு உருவாகியிருந்தது, முடியாகவேண்டிய செல்தான் குழியாகிவிட்டிருந்தது. அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன்.

இதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும்போது, எழுதியவர்கள் வரிசையில் கஸ்தூரியின் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். என் வழிகாட்டி அதை அடித்தார். "சீசா கழுவுறவங்க பேரையெல்லாம் போட்டா சிரிப்பாங்கம்மா." அவர் அடித்தபடியே அனுப்பிவைத்தேன். கடைசிப் பக்க நன்றியுரையில் ஒரு மூலையில் அவர் பெயர் வந்தது. காட்டினேன். "எழுத்து இம்மாத்தூண்டு கீது" என்று சிரித்தார். அதன்பிறகு நான்கு நாள் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"குழிய பாத்தது நானுன்னு உங்களுக்குத் தெரியும். அது போதும்னு சொல்லமாட்டேன். போதல. ஆனா உங்க மேல ரொம்ப நாளு கோவமா இருக்கவும் முடியல."

அடுத்த ஆண்டு என் வாய்மொழித் தேர்வு. அரங்கு நிறைய ஆட்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "வழுக்கை என்று விட்டுவிடாமல் குழியைத் தேடவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" வழிகாட்டி என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தோன்றவில்லை, ஐயா. கண்டுபிடித்தவர் அதோ, டீத் தட்டோடு நிற்கிறார். பெயர் கஸ்தூரி. கட்டுரையில் அவர் பெயர் இருந்திருக்கவேண்டும். நான் பேசாமல் இருந்துவிட்டேன்."

தேர்வாளர் எழுந்து போய்த் தட்டை வாங்கி மேசையில் வைத்தார். கஸ்தூரியைத் தம் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார். கஸ்தூரி ஒட்டினாற்போல் இரண்டு குழிகளை வரைந்தார். வெளியே வந்ததும் என்னைத்தான் திட்டினார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல பொடவ கட்டிகினு வந்திருப்பேன்ல!"

அதன்பின் சென்ற வாரம்வரை சேர்ந்தே வேலை செய்தோம். ஈயைப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்ததுபோல் எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

செவ்வாய் மதியம் வியாசர்பாடிக்குப் போனேன். வெள்ளைச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். மெழுகுவத்தி எரிந்தது. வாசலில் தயங்கி நின்ற என்னைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்த ஈ மேடமா? பொஸ்தகத்துல பேரு போடாதது?"

"ஆமாம்" என்றேன்.

"அப்பால சபையில எழுந்து சொன்னியாமே?"

"ஆமாம்."

"கஸ்தூரி ரெண்டையும் என்னாண்ட சொல்லிகீது" என்றார் அவர். பிறகு சற்று நகர்ந்து, கஸ்தூரியின் தலைமாட்டில் பாயில் இடம் விட்டார். "வா. இங்க குந்து."

போய் வாருங்கள், கஸ்தூரி. எடுக்கும்வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.